பச்சிளம் குழந்தைக்கு மூச்சு முட்டும்போது: கொழும்புக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பிறந்த குழந்தை நீலம் பாரித்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீலம் பிந்தி வரும் அறிகுறி. அதற்கு முன்பே மூச்சின் வேகமும் நெஞ்சு அசையும் விதமும் மாறியிருக்கும். சட்டையைத் தூக்கிப் பார்க்காததால் கண்ணில் படுவதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் குடும்பத்துக்கு நல்ல வைத்தியசாலை தூரத்தில் இல்லை. காலி வீதி நெரிசலைக் குறை சொல்கிறோம், சரி. ஆனால் என் அபிப்பிராயத்தில் அதைவிட அதிக நேரம் வீட்டுக்குள்தான் போகிறது: "சளிதான், விடிஞ்சதும் பார்ப்போம்" என்று பேசிக்கொண்டிருப்பதில்.

இது பெற்றோருக்கும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் எழுதியது. வைத்தியரைப் பார்க்காமல் இருப்பதற்கு அல்ல, நேரத்தோடு பார்ப்பதற்கு.

படி 1: மூச்சு ஏன் தோற்றுப்போகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் திரவம்தான் நிறைந்திருக்கும். ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாக அம்மாவிடமிருந்து வருகிறது. பிரசவ வலி வந்ததும் குழந்தையின் உடலில் சுரக்கும் ஹோர்மோன்கள் அந்தத் திரவத்தை உறிஞ்ச வைக்கின்றன. பிறந்து முதல் சில மூச்சுகளில் காற்று உள்ளே போய், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்தம் ஓடும் பாதையே மாறுகிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் நடக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளில் முக்கியமான தடங்கல் சர்ஃபக்டன்ட் என்ற வழுக்கும் பொருளின் குறைபாடு. நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றுச் சிற்றறைகளின் உட்புறத்தில் இது மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இது இல்லாவிட்டால், நனைந்த இரண்டு பொலித்தீன் தாள்கள் ஒட்டிக்கொள்வதைப் போல, ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் சிற்றறைகள் ஒட்டிச் சுருங்கிவிடும். அடுத்த மூச்சில் அவற்றை மறுபடியும் பிரித்துத் திறக்க வேண்டும். கர்ப்பத்தின் 24ஆம் வாரமளவில் உருவாகத் தொடங்கும் சர்ஃபக்டன்ட், போதுமான அளவுக்கு வர 34, 35 வாரங்கள் ஆகலாம்.

1959இல் மேரி எலன் எவரி, ஜெரே மீட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் குறைபாட்டைக் காட்டினார்கள். அப்போதும் கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜோன் எப். கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணித்தியாலங்களில் இதே நோயால் இறந்தான். இன்று அதே வாரக் கணக்கில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள்.

நிறைமாதக் குழந்தைகளுக்கு வேறு காரணங்கள். நுரையீரல் திரவம் வடியத் தாமதித்தால் சில மணித்தியாலங்களிலிருந்து இரண்டு மூன்று நாள் வரை வேகமாக மூச்சு வாங்கும். வலி வராமல் சிசேரியன் செய்த குழந்தைகளில் இது கூடுதல், பெரும்பாலும் தானாகத் தீரும். வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அந்த நீரை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்வது இன்னொன்று. பிரசவத்தின்போது ஒட்சிசன் குறைந்து மூளை மந்தமாவது, பிறந்த நாட்களிலேயே வரும் நியூமோனியா, இரத்தத்தில் கிருமித்தொற்று, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவது, பிறவி இதய நோய், உதரவிதானத்தில் ஓட்டை என்று பட்டியல் நீளும். வீட்டில் இருப்பவர் இவற்றைப் பிரித்தறியத் தேவையில்லை. அது வைத்தியரின் வேலை.

ஆனால் ஒரு விஷயம் நமக்குத் தெரிய வேண்டும். உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால், பச்சிளம் குழந்தை பெரியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒட்சிசனைச் செலவிடுகிறது. விலா எலும்புகள் மெத்தென்று இருப்பதால் நெஞ்சுக்கூடு உள்ளே மடங்குகிறது. மூச்சுத் தசைகளும் சீக்கிரம் களைத்துவிடும். மூச்சுத் திணறல் என்பது குழந்தை போராடும் கட்டம். மூச்சுச் செயலிழப்பு என்பது அந்தப் போராட்டத்தில் தோற்கும் கட்டம்: இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, காபனீரொட்சைட் ஏறுகிறது, குழந்தை அடங்கிப்போகிறது. இவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், "அப்பாடா, தூங்கிட்டான்" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

படி 2: பிறப்பதற்கு முன்பே செய்யக்கூடியவை

34 வாரத்துக்கு முன் பிரசவம் நடக்கும் சாத்தியம் இருந்தால் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். டெக்சாமெதசோன் என்றால் 6 மில்லிகிராம் வீதம் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பீற்றாமெதசோன் என்றால் 12 மில்லிகிராம் வீதம் 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு. இது குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்கிறது. முழுப் பலன் கிடைக்க ஒரு நாள் வேண்டும். அதனால்தான் நேரத்தோடு போவது முக்கியம்: தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, இடைவிட்டு இடைவிட்டு வலி வந்தாலோ, "நாளைக்கு கிளினிக் இருக்குத்தானே" என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலத்துக்கு மேல் போனால் குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். சீனி வியாதி உள்ள தாய்மார் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் நுரையீரலுக்கு நல்லது. கூடிய சீனி சர்ஃபக்டன்ட் உருவாவதைத் தாமதப்படுத்தும்.

இனி, கொஞ்சம் சங்கடமான பேச்சு. நல்ல நட்சத்திரம், நல்ல நேரம் பார்த்து சிசேரியன் திகதி குறிக்கும் பழக்கம் கொழும்பில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. நேரம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியன் 39 வாரம் நிறைந்த பிறகுதான் இருக்க வேண்டும். 37 வாரத்தில் வலி இல்லாமல் எடுக்கும் குழந்தைக்கு மூச்சுச் சிக்கல் வரும் வாய்ப்பு 39 வாரக் குழந்தையைவிடத் தெளிவாகவே கூடுதல். சோதிடரிடம் போகும்போது இந்த எல்லையைச் சொல்லுங்கள். 39 வாரத்துக்குப் பின் வரும் நாட்களில் நல்ல நேரம் பார்த்துத் தரட்டும். தாய்க்கு உயர் இரத்த அழுத்தமோ குழந்தைக்கு ஆபத்தோ இருந்து வைத்தியர் முன்கூட்டியே எடுக்கச் சொன்னால் அது வேறு கதை, அதில் பேரம் பேசக்கூடாது.

குறைமாதப் பிரசவம் நடக்கலாம் என்று தெரிந்தால் எந்த வைத்தியசாலை என்பதும் முக்கியம். கொழும்பில் 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் பொரளை காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இதற்குப் பேர்போனவை. தனியார் வைத்தியசாலையில் பதிந்திருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "32 வாரத்தில் பிள்ளை பிறந்தால் இங்கேயே வென்டிலேட்டரில் வைத்துப் பார்ப்பீர்களா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" பிறந்த பிறகு குழந்தையை ஏற்றி இறக்குவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே இடம் மாறுவது எவ்வளவோ பாதுகாப்பானது.

படி 3: பிரசவ அறையின் முதல் நிமிடம்

பெரும்பாலான நிறைமாதக் குழந்தைகள் அரை நிமிடத்துக்குள் தானாக மூச்சு விடும். சிலருக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட வேண்டும். நூற்றில் ஐந்து பேரளவில் முகமூடி வைத்துப் பையால் காற்று ஊதத் தேவைப்படும். மூச்சு விடாத குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பிள்ளைக்கு பேக் போட்டாங்களாம்" என்று கேட்டதும் குடும்பமே இடிந்துபோகிறது. மூளை பழுதாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. காற்றுப் போனதும் இதயத்துடிப்பு ஏறி, குழந்தை அழத் தொடங்கினால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. நீண்ட நேரம் உயிர்ப்பிக்க வேண்டி வந்து, மூளை பாதிப்பின் அறிகுறியும் இருந்தால், உடலை 33.5 பாகைக்குக் குளிரவைத்து 72 மணித்தியாலம் வைத்திருக்கும் சிகிச்சை உண்டு. அதைப் பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

ஒருவேளை வழியிலேயே, வாகனத்துக்குள் பிறந்துவிட்டால்: சுத்தமான துணியால் நன்றாகத் துடையுங்கள், முதுகைத் தேயுங்கள், அம்மாவின் வெறும் மார்பில் கிடத்தி இருவரையும் மூடுங்கள். கொடியை வெட்ட அவசரப்படாதீர்கள். தலைகீழாகத் தூக்கி அடிப்பது படத்தில் மட்டும்தான்.

படி 4: வீட்டில் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை மார்புக்கு மேல் தூக்குங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எழும்புவதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது; பச்சிளம் குழந்தை சீராக மூச்சு விடாது, சில விநாடி வேகமாக விட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். பத்து விநாடிக்குக் குறைவான அந்த இடைவெளிகள் இயல்பு.

நிமிடத்துக்கு 60க்குக் கீழே என்றால் வேகம் சரி. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எண்ணும்போதே இவற்றையும் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழேயும் இடையிலும் சதை ஆழமாக உள்ளே குழிகிறதா? மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிகிறதா? மூச்சு விடும்போது 'ம்ஹ், ம்ஹ்' என்று முனகல் கேட்கிறதா? இந்த முனகல் செல்லச் சிணுங்கல் அல்ல. சிற்றறைகள் ஒட்டிவிடாமல் இருக்கக் குழந்தை தொண்டையைப் பாதி மூடிக் காற்றை உள்ளேயே பிடித்துவைக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டால் வேகத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், புறப்படுங்கள்.

நிறத்தைப் பார்ப்பதாக இருந்தால் நாக்கையும் ஈறையும் உதட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நம்முடைய மாநிறப் பிள்ளைகளில் கன்னத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கையும் காலும் மட்டும் முதல் ஓரிரு நாள் நீலமாக இருப்பது இயல்பு. நாக்கு நீலம் என்றால் அது எந்த நாளிலும் அவசரநிலை.

கொவிட் காலத்தில் வாங்கிய விரல் ஒட்சிமானி பல வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கிறது. அதைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்க்காதீர்கள். அது பெரியவர்களின் விரலுக்கானது. 97 காட்டினாலும் நம்ப முடியாது, 80 காட்டினாலும் நம்ப முடியாது.

மூச்சோடு சேர்த்து இவையும் ஆபத்து: பாலை மறுப்பது அல்லது உறிஞ்சும்போது களைத்து வியர்த்துவிடுவது, உடல் 38 பாகையோ அதற்கு மேலோ சுடுவது, 35.5க்குக் கீழே குளிர்வது, தட்டினால் மட்டும் அசைவது, வலிப்பு. பிறந்த குழந்தைக்குக் கடும் தொற்று வரும்போது காய்ச்சலுக்குப் பதிலாக உடல் குளிர்வதும் உண்டு. இருமலும் இல்லாமல் இருக்கலாம்.

தும்மல், விக்கல், மூக்கடைப்பால் வரும் 'கொர் கொர்' சத்தம் ஆகியவற்றுக்குப் பயப்பட வேண்டாம். பச்சிளம் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும் என்பதால், மூக்கு அடைத்தால் பால் குடிக்கச் சிரமப்படும். பாமசியில் கிடைக்கும் உப்புநீர்த் துளிகள் போதும். மூக்கில் எண்ணெய் விடுவது, தேனில் கோரோசனை உரைத்து நாக்கில் தடவுவது, நெஞ்சில் கற்பூரத் தைலம் பூசுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே நியூமோனியாவாகும். தேனை ஒரு வயது வரை கொடுக்கக்கூடாது. கற்பூரம் குழந்தைக்கு நஞ்சு. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும், டெங்குப் பயத்தில் மூடிய அறைக்குள் நுளம்புச் சுருள் கொளுத்துவதும் அதே வகைதான். நுளம்பு வலை கட்டுங்கள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்தால், இருமல் உள்ளவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். மனவருத்தம் வந்தால் பிறகு சமாளிக்கலாம்.

படி 5: அவசரம் என்றால்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இரவும் பகலும் வரும், ஒட்சிசன் இருக்கும். குழந்தை மூச்சை 20 விநாடி நிறுத்தினால், நாக்கு நீலமானால், துவண்டால் உடனே அழையுங்கள். வைத்தியசாலை பக்கத்திலேயே இருந்து, வாகனமும் வாசலில் நின்றால் காத்திருக்காமல் போகலாம். ஆனால் தனியாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டிப் போகாதீர்கள். வீட்டிலிருந்து போகும் குழந்தைக்கு பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அதைவிட அருகில் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள வேறு வைத்தியசாலை இருந்தால் முதலில் அங்கே. நிலைப்படுத்திய பின் அவர்களே மாற்றுவார்கள்.

வழியில் அம்மாவின் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்திருங்கள். தலையில் தொப்பி, முகம் திறந்திருக்க வேண்டும், கழுத்து முன்னால் மடியக்கூடாது. பால் ஊட்ட முயற்சிக்காதீர்கள்.

வாசலில் சிங்களத்தில் சொல்ல வேண்டி வரலாம். மூன்று வரி போதும்: "பபாட்ட ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் பிள்ளைக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம். "பபா நில் வெலா" என்றால் நீலமாகிவிட்டது. "கிரி பொன்னெ நே" என்றால் பால் குடிக்கிறதில்லை. இவற்றை முதலில் சொல்லுங்கள், துண்டும் வரிசையும் பிறகு.

குழந்தை மூச்சே விடவில்லை என்றால் அம்புலன்ஸ் வரும்வரை நீங்கள்தான் மூச்சு. உறுதியான தட்டையான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலை நேராக, முகம் கூரையைப் பார்க்கட்டும். பின்னால் அதிகம் சாய்க்கக்கூடாது. உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் உள்ள காற்றளவு மெதுவாக ஊதுங்கள், நெஞ்சு எழும்ப வேண்டும். ஐந்து முறை. அசைவே வரவில்லை என்றால் இரண்டு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு பெருவிரல்களாலும் நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், பிறகு 2 ஊதல், இப்படியே தொடருங்கள். வீட்டில் குறைமாதப் பிள்ளை இருந்தால், வோர்ட்டிலிருந்து கூட்டி வருவதற்கு முன் இதைப் பொம்மையில் செய்துகாட்டச் சொல்லித் தாதியிடம் கேளுங்கள். வாசித்ததை வைத்து மட்டும் கை வராது.

படி 6: வைத்தியசாலைக்குள் என்ன நடக்கிறது

கண்ணாடிக்கு அப்பால் வயர்களோடு பிள்ளையைப் பார்க்கும்போது எதுவும் விளங்காது. முதலில் சூடு, ஒட்சிசன், நரம்பு வழியாகக் குளுக்கோஸ், எக்ஸ்ரே, இரத்த வாயுப் பரிசோதனை. தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அன்டிபயோட்டிக் போடுவார்கள். தொற்றையும் சர்ஃபக்டன்ட் குறைபாட்டையும் எக்ஸ்ரேயில் பிரிப்பது கஷ்டம்.

"ஏன் ஒட்சிசனைக் கூட்டவில்லை?" என்று பல அப்பாமார் சண்டை பிடிப்பார்கள். ஒட்சிசன் பெறும் குறைமாதக் குழந்தைகளுக்கு இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் அளவை 90 முதல் 95 வீதத்துக்குள் வைக்கத்தான் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். அளவுக்கு மீறினால் வளர்ந்துவரும் விழித்திரை பாதிக்கப்படும்.

அடுத்தது சீபாப். மூக்கில் சிறு குழாய் வைத்து, 5 முதல் 8 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து கொடுப்பார்கள். முனகல் மூலம் குழந்தை தானே செய்யப் பார்த்த வேலையை இந்த இயந்திரம் செய்கிறது. 1971இல் அறிமுகமான இந்த எளிய முறைதான் இன்றும் முதுகெலும்பு. இது போதாமல் ஒட்சிசன் தேவை ஏறினால், சர்ஃபக்டன்டை மூச்சுக்குழாய்க்குள் விடுவார்கள். 1980இல் ஜப்பானியர் புஜிவாரா வெற்றிகரமாகச் செய்துகாட்டிய சிகிச்சை இது. மருந்து பன்றியின் அல்லது மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுகிறது. சமயக் காரணமாக அதில் கேள்வி இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், குழந்தை திணறும் நேரத்தில் அல்ல.

மூச்சை மறந்து மறந்து நிறுத்தும் குறைமாதக் குழந்தைகளுக்கு கெஃபீன் கொடுப்பார்கள். ஆம், கோப்பியில் இருப்பதேதான்; அது மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுகிறது.

இவற்றையும் மீறி இரத்தத்தில் காபனீரொட்சைட் அழுத்தம் 60 மில்லிமீற்றர் பாதரசத்துக்கு மேல் ஏறி இரத்தம் அமிலமானால், அல்லது மூச்சு அடிக்கடி நின்றால், வென்டிலேட்டர். "மெஷின் போட்டால் அவ்வளவுதான்" என்று ஊரில் சொல்வார்கள். பெரியவர்களின் கடைசிக் கட்டத்தை வைத்துச் சொல்லும் பேச்சு அது. பச்சிளம் குழந்தையில் பல நேரம் அது நுரையீரல் தேறும்வரை தசைகளுக்குக் கொடுக்கும் ஓய்வு. ஆபத்து இல்லாமலும் இல்லை: காற்றுக் கசியலாம், தொற்று வரலாம், நீண்ட நாள் போனால் நுரையீரல் தடிக்கலாம். அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் கழற்றலாம் என்றே பார்ப்பார்கள்.

தினமும் வைத்தியரிடம் எல்லாவற்றையும் கேட்க நேரம் கிடைக்காது. மூன்றைக் கேளுங்கள்: நேற்றைவிட ஒட்சிசன் தேவை கூடியதா குறைந்ததா, பால் எத்தனை மில்லிலீற்றர் போகிறது, அடுத்து எதற்காகக் காத்திருக்கிறீர்கள். அம்மா செய்யக்கூடிய பெரிய வேலை, முதல் நாளிலிருந்தே கையால் பாலெடுத்துக் கொடுப்பது. சில துளிகள் என்றாலும். அனுமதித்ததும் கங்காரு முறையில் மார்பில் வைத்திருங்கள், அப்பாவும் செய்யலாம்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணை இல்லாத தட்டையான மெத்தை, வீட்டுக்குள் சிகரெட் இல்லை: இவை கட்டாயம். குறைமாதப் பிள்ளை என்றால் விழித்திரைப் பரிசோதனைத் திகதியைத் தவற விடாதீர்கள். அது ஒரு வாரம் பிந்தினாலும் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு நழுவக்கூடும். செவிப் பரிசோதனையும் உண்டு. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குப் பிள்ளை மூச்சுச் சிக்கலோடு வந்தது என்று சொல்லுங்கள், வீட்டுக்கு வரும்போது எடையையும் மூச்சையும் பார்ப்பார். டயக்னோசிஸ் கார்டை பிரதி எடுத்து, ஒன்றை பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு வேறொரு வைத்தியர் முதலில் கேட்கப் போவது, எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை நாள் வென்டிலேட்டரில் இருந்தது என்பதைத்தான்.